பையனுக்கு 18 ஆகப்போகிறது, பள்ளியும் முடிகிறது: இனி யார் ஒருங்கிணைப்பது?

திருச்சியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 17 நடக்கிறது. மிதமான அறிவுசார் குறைபாடு, கூடவே வலிப்பு. மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. 18 முடிந்ததும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிறப்புப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மைனர் கணக்கை மாற்ற வேண்டும், கார்டியன் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்கிறது வங்கி. கணவர் 2004க்கு முன்பே, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்த ரயில்வே ஊழியர், ஓய்வு நெருங்குகிறது. மூத்த மகள் கல்லூரியில் படிக்கிறாள். ‘ஒரு கேஸ் மேனேஜர் இருந்தால் உங்களுக்கு நல்லது’ என்று நரம்பியல் டாக்டர் சொன்னாராம். அப்படி ஒருவர் என்ன செய்வார், எங்கே கிடைப்பார், முதலில் எதைக் கவனிப்பது என்பதுதான் கேள்வி.

இந்த வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும்தான் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வங்கிப் பிரச்சினை உங்களை அலைக்கழிப்பது புரிகிறது. அது தீரும், வழியைக் கீழே சொல்கிறேன். அதைவிடப் பெரிய மாற்றம் பள்ளி நின்றுபோவது. இத்தனை வருடம் பள்ளி, யாரும் கேட்காமலே, பல வேலைகளைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. மாத்திரை மாற்றிய வாரத்தில் பையன் மதியம் தூங்கி வழிகிறான் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்புவார். மருத்துவ முகாம் எப்போது, சான்றிதழ் எப்போது காலாவதி ஆகிறது என்று பள்ளி அலுவலகத்தில் யாராவது ஞாபகப்படுத்துவார்கள். வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் வழியாகத்தான் பாதி அரசுத் திட்டங்கள் வீடு வந்து சேர்கின்றன. பள்ளி நின்ற மறுநாள் இவை அத்தனையும் சத்தமில்லாமல் நின்றுவிடும். பையன் காலையில் எழுந்து, குளித்து, சீருடைக்குத் தேடுவான். நீங்கள் டிவியைப் போட்டுக் கொடுப்பீர்கள். ஆறு மாதத்தில் எடை ஏறும், இரவுத் தூக்கம் கெடும், கோபம் வரும். தூக்கம் கெட்டால் வலிப்பும் எட்டிப் பார்க்கும். மாத்திரையைக் கூட்ட வேண்டுமோ என்று டாக்டரிடம் ஓடுவீர்கள். மாத்திரையில் ஒரு குறையும் இருக்காது. அவனுக்குப் பகல் என்று ஒன்று இல்லாமல் போனதுதான் காரணமாக இருக்கும்.

பள்ளி செய்துவந்த அந்த வேலையை எடுத்துக்கொள்பவர்தான் கேஸ் மேனேஜர். அவர் டாக்டரோ வக்கீலோ இல்லை, பையனைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் இல்லை. டாக்டருக்குத் தெரிந்தது பயிற்சி மையத்துக்குத் தெரிகிறதா, பயிற்சி மையத்தில் நடப்பது வீட்டுக்குத் தெரிகிறதா, வீட்டில் முடிவு செய்தது பையனுக்குச் சம்மதமா என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்.

அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 19 வயது இளைஞர் ஒருவர், உங்கள் மகனைப் போலவே வலிப்பு உள்ளவர், ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அங்கே பேப்பர் கவர், பாக்கு மட்டைத் தட்டு, மெழுகுவர்த்தி என்று மூன்று பிரிவுகள். நிதானமாக வேலை செய்கிறார் என்று அவரை மெழுகுவர்த்திக்கு மாற்றினார்கள். அவருக்கு அதில் பெருமை. உருக்கிய மெழுகு கொதிக்கும் பாத்திரத்தின் முன் தினமும் நிற்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை சில நொடிகள் நினைவு தவறுகிறது என்பது மையத்துக்குத் தெரியாது. வீட்டுக்கு இரண்டுமே தெரியும், ஆனால் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த மையத்துக்குப் புதிதாக வந்த சமூகப் பணியாளர் பழைய மருத்துவச் சீட்டுகளைப் படித்துவிட்டு, ‘இவர் ஏன் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்?’ என்று கேட்டார். வார்த்த மெழுகுவர்த்தியை அச்சிலிருந்து எடுத்து, திரி வெட்டி, பெட்டியில் அடுக்கும் மேசைக்கு அவரை மாற்றினார்கள். அதே பிரிவு, அதே நண்பர்கள், பெருமைக்கும் குறைவில்லை. சீட்டைப் படித்து ஒரு கேள்வி கேட்டதுதான் அவர் செய்தது. கேஸ் மேனேஜ்மென்ட் என்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான்.

சில நாடுகளில் இதைச் சட்டமே ஏற்பாடு செய்து தருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1969ல் வந்த லேண்டர்மன் சட்டத்தின் கீழ் 21 மண்டல மையங்கள் இருக்கின்றன. வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒருவர் அங்கே பதிவு செய்துகொண்டால் அவருக்கென்று ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு, எழுதிவைத்த தனித் திட்டமும் உண்டு. அந்த நாட்டின் கல்விச் சட்டம், பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டத்தை 16 வயதுக்குள் எழுதத் தொடங்கச் சொல்கிறது. அங்கேயும் குறைகள் ஏராளம். ஆனால் அந்த 16 என்ற எண்ணை நாம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகனுக்கு 17 என்றால் இன்று ஆரம்பிப்பது கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான், அவகாசம் இருக்கிறது.

நம் ஊரில் ‘கேஸ் மேனேஜர்’ என்று பலகை மாட்டிக்கொண்டு யாரும் இருக்க மாட்டார்கள். வேறு பெயரில் இருப்பார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் திறந்துவருகிறார்கள். உங்கள் பகுதியில் வந்துவிட்டதா என்று கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கேளுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையில், அதாவது நேஷனல் டிரஸ்டில், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களில் சமூகப் பணியாளர் இருப்பார். இப்போதைய பள்ளியிலேயே உங்கள் மகனை நன்கு அறிந்த சிறப்பாசிரியர் ஒருவர், பள்ளி முடிந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேசச் சம்மதிக்கலாம். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறில்லை. சிறப்பாசிரியர்களுக்கும் மறுவாழ்வு சமூகப் பணியாளர்களுக்கும் அந்தப் பதிவு எண் உண்டு.

ஆள் சரியா என்பதை முதல் சந்திப்பிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ‘இவன் என்ன சாப்பிடுவான்?’ என்று உங்களிடம் கேட்கிறாரா, அவனிடமே கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். தெரியாததை ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, சொன்ன தேதியில் சொல்கிறாரா? அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவரிடமும் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவரிடமும் போக வேண்டாம். இன்னொன்று: விடுதி நடத்தும் நிறுவனத்தின் ஊழியரே உங்களுக்கு ஆலோசகர் என்றால், எந்தக் கேள்விக்கும் கடைசியில் ‘எங்கள் விடுதியில் சேர்த்துவிடுங்கள்’ என்ற பதில்தான் வரும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அப்படி.

யாருமே கிடைக்காவிட்டால்? கேஸ் மேனேஜர் வேலையை இப்போது நீங்கள்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதை உடைத்துப் பகிருங்கள். காகித வேலை முழுவதும் கணவர் பொறுப்பு, ஓய்வுக்கு முன் அவருக்கும் அலுவலகத் தொடர்புகள் இருக்கும். மருத்துவச் சீட்டுகளை போனில் படம் பிடித்து தேதிவாரியாக வைப்பது மகள் செய்யக்கூடியது. ஆனால் ஃபைல் ஒன்றுதான், அதை வைத்திருப்பவர் ஒருவர்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு ஃபைல் வைத்த வீடுகளில் யாரிடமும் முழு விவரம் இருப்பதில்லை.

சரி, யார் செய்தாலும் எங்கே தொடங்குவது? பையனிடம்தான்.

பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ‘உனக்குத் தையல் பிடிக்குமா?’ என்று கேட்டால் ‘பிடிக்கும்’ என்பான். ‘பேப்பர் கவர் பிடிக்குமா?’ ‘பிடிக்கும்.’ கேட்டவர் முகம் மலர வேண்டும் என்பதற்காகவே ஆமாம் சொல்லிப் பழகிய பிள்ளைகள் இவர்கள். ‘தையலா, கவரா?’ என்றால் கடைசியாகக் கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்வார்கள். அதனால் ஒரே கேள்வியை வரிசை மாற்றி இன்னொரு நாள் கேட்க வேண்டும். பேச்சை நம்புவதைவிடப் படங்களை நம்பலாம். அவன் போன இடங்கள், பார்த்த வேலைகளைப் புகைப்படமாக எடுத்து மேசையில் பரப்பி, ‘வேண்டாததைத் தள்ளிவிடு’ என்று சொல்லுங்கள். ஒரு பையன் வேலைப் படங்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, அவற்றுக்கு நடுவே தவறிப்போய் வந்திருந்த மளிகைக் கடைப் படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான். இரண்டு நாள் கழித்துக் கலைத்துப் போட்டுக் கேட்டோம், அதே படம். அந்தக் கடையில் அரை நாள் பருப்பு பாக்கெட் அடுக்க விட்டார்கள். காலாவதித் தேதி படிக்க அவனுக்கு வராது; ஆனால் பழையதை முன்னால், புதியதைப் பின்னால் என்ற ஒழுங்கை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். அவனுடைய பள்ளிப் பதிவேட்டில் ‘தையல் பயிற்சிக்கு ஏற்றவர்’ என்று எழுதியிருந்தது.

அப்புறம் திங்கட்கிழமை காலை. இதை ஒரு தாளில் எழுதுங்கள்: பள்ளி முடிந்த பிறகு வரும் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் எங்கே இருப்பான், யாரோடு, எப்படிப் போவான்? இதற்குப் பதில் இல்லாத திட்டம் திட்டமே இல்லை. தேசிய அறக்கட்டளையின் விகாஸ் திட்டம் பகல்நேர மையங்களுக்கானது. தமிழ்நாட்டில் 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடு உடையோருக்குத் தொழிற்பயிற்சியோடு கூடிய இல்லங்களைத் தொண்டு நிறுவனங்கள் அரசு உதவியோடு நடத்துகின்றன. சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒரு தடவை போய், தொழில்திறன் மதிப்பீடு செய்துகொண்டு வருவது நல்லது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டில், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவுகளுக்குச் சேர்த்துத் தரப்படுகிறது. மிதமான குறைபாடு உள்ள உங்கள் மகனுக்கு அதை நம்பிக் காத்திருப்பதைவிட, உங்கள் தெருவிலேயே தெரிந்த ஒருவர் கடையில் தினம் இரண்டு மணி நேர வேலை கிடைத்தால் அது பெரிது. சம்பளம் சின்னதாக இருந்தாலும் அவன் கையில் தரச் சொல்லுங்கள்.

தனியாக பஸ்ஸில் போக முடியுமா என்று பயப்படுவீர்கள். வலிப்பு முழுக் கட்டுக்குள் இருக்கிறதா என்று டாக்டரிடம் முதலில் கேட்டுவிட்டு, ஒரே தடம், ஒரே நேரம் என்று பழக்கலாம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு இரண்டு சீட் பின்னால். பிறகு அவன் ஏறுவதை நீங்கள் பார்க்க, இறங்கும் இடத்தில் கணவர் நிற்கட்டும். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் முகம் பழகட்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் உங்கள் போன் எண்ணும் ‘வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்க வேண்டாம்’ என்ற வரியும் இருக்கட்டும். சாவிக்கொத்து கொடுக்க வேண்டாம் என்பதையும் அதில் சேருங்கள், நம் ஊரில் அது தேவை. மாதக்கணக்கில் ஆகும் பயிற்சி இது. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை என்பதால் செலவு நேரம் மட்டும்தான்.

இப்போது காகிதங்கள். 18 முடிந்ததும் சட்டத்தின் கண்ணில் அவன் முழு மனிதன். அம்மா, அப்பா என்பதாலேயே அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை அன்றோடு முடிகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் லோக்கல் லெவல் கமிட்டி என்ற குழு உண்டு. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பார்கள். கோர்ட்டுக்குப் போகாமல் இந்தக் குழுவிடமே பாதுகாவலர் நியமனம் பெறலாம். நீங்களும் கணவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். ஒருவர் இல்லாமல் போனாலோ பிரிந்துபோனாலோதான் மற்றவர் தனியாக விண்ணப்பிக்க முடியும்.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. இவருக்குப் பாதுகாவலர் தேவையா என்றும், எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்றும் குழு பார்க்க வேண்டும். ஆகவே விண்ணப்பத்தில் ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதத் துடிக்காதீர்கள். வங்கி, குடும்ப ஓய்வூதியம், அறுவை சிகிச்சைச் சம்மதம், சொத்து என்று தேவையானதை எழுதுங்கள். 2016 சட்டமும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்பதைத்தான் சொல்கிறது; பாதுகாவலரும் அவனும் சேர்ந்து பேசி, ஒருவரை ஒருவர் நம்பி எடுக்கும் முடிவு அது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றி இந்தியா 2007ல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் மனதும் இதுதான். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: என்ன சட்டை போடுவது, யாரோடு பழகுவது, எங்கே வேலைக்குப் போவது என்பதற்கெல்லாம் ஒரு இளைஞனுக்குப் பாதுகாவலர் தேவையில்லை, உடன் உட்கார்ந்து யோசிக்க ஆள்தான் தேவை.

நியமனம் கிடைத்தபின் வேலை முடிந்துவிடாது. ஆறு மாதத்துக்குள் அவன் பெயரில் உள்ள சொத்து விவரத்தைக் குழுவுக்குத் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் தர வேண்டும். யாரும் கேட்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் சொந்தக்காரர் யாராவது தகராறு செய்தால் அந்தக் கணக்குதான் உங்களைக் காப்பாற்றும்.

வங்கிக்கு வருவோம். மைனர் கணக்கு, மேஜர் ஆனதும் புதிய கையெழுத்து மாதிரியும் ஆவணங்களும் கேட்டு நிற்கும். அவனுடைய பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய், அதே கணக்கில் வருகிறதென்றால் எடுக்க முடியாமல் சிக்கும். அவன் கையெழுத்தோ கைரேகையோ போட்டு, ‘இது என் பணம், எடுத்தால் குறையும்’ என்ற அளவுக்குப் புரிந்துகொள்கிறான் என்றால், அவனே நடத்தும் கணக்காக மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் மட்டும் பாதுகாவலர் சான்றிதழ். கமிட்டி கொடுத்த சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர் கோர்ட் ஆர்டர்தான் வேண்டும் என்றால், கிளை மேலாளரிடம் அந்தச் சுற்றறிக்கையைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றிதழில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 18 வயதில் மறுமதிப்பீடு செய்து நிரந்தரச் சான்றிதழும் யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கிவிட வேண்டும், மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. ஆதாரில் 15 வயதுக்குப் பிறகான கைரேகைப் புதுப்பிப்பு முடிந்ததா என்று பாருங்கள். தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்: ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, வயது வரம்பும் இல்லை, ஆனால் வருடாவருடம் புதுப்பிக்க மறந்தால் போச்சு. வாக்காளர் பட்டியலிலும் சேருங்கள், 17 முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். மனநலம் சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்தால்தான் ஓட்டு இல்லை, மருத்துவச் சான்றிதழ் ஓட்டைப் பறிக்காது.

கணவரின் ஓய்வூதியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, மற்ற பிள்ளைகளுக்கு உள்ள 25 வயது வரம்பு இல்லாமல், வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இதைப் பெற்றோர் காலத்துக்குப் பிறகு சகோதரி ஒருத்தி அலுவலகம் அலுவலகமாக ஏறி நிரூபிப்பதைவிட, கணவர் பணியில் இருக்கும்போதே குடும்ப விவரப் படிவத்தில் மகன் பெயரையும் குறைபாட்டையும் பதிந்து, ஓய்வூதிய ஆணையிலேயே பெயர் வர ஏற்பாடு செய்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

உடல்நலத்தில், குழந்தைகள் நரம்பியலிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் இடம் வழுக்கும். பழைய டாக்டர் பன்னிரண்டு வருடக் கதையைத் தலையில் வைத்திருப்பார். புது டாக்டர் கையில் கடைசிச் சீட்டு மட்டும் இருக்கும். பழைய டாக்டரிடம் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்கள்: எந்த வகை வலிப்பு, எந்தெந்த மருந்து கொடுத்துப் பார்த்து ஏன் நிறுத்தினார்கள், கடைசி வலிப்பு எப்போது. மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை விட்டுப் பார்ப்போம் என்று ஒரு நாளும் இருக்கக் கூடாது; வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. காவிரியில் தனியாகக் குளிக்க விட வேண்டாம், குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வேண்டாம். பல்லையும் கண்ணையும் வருடம் ஒரு தடவை காட்டுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களின் ‘கோபத்துக்கு’ பல முறை சொத்தைப் பல்தான் காரணமாக இருக்கும்.

அடுத்து யாரும் கேட்காத விஷயம். உங்கள் மகனுக்கு உடல் வளர்ந்துவிட்டது. தனியறையில் செய்வது எது, வெளியில் செய்யக் கூடாதது எது என்பதை ஒரு ஆண், அப்பாவோ மாமாவோ, நேராக, படத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும். தன்னை யாராவது தொட்டால் சொல்லவும், தான் யாரையும் கேட்காமல் தொடாதிருக்கவும் பழக வேண்டும். 18 வயதுவரை போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ‘மன வயது’ குறைவு என்பதால் அது அதற்கு மேலும் நீளாது என்று உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வயது என்றால் பிறந்த தேதிப்படிதான். எனவே இந்தப் பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது. பெண் பிள்ளை உள்ள வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: மாதவிடாய்த் தொல்லை என்று கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். அவள் உடல் பற்றிய சம்மதம் அவளுடையது. 2009ல் உச்ச நீதிமன்றம் மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண்ணின் கர்ப்பம் பற்றிய வழக்கில், அவள் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்பு கூடாது என்று சொன்னது.

கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று சொந்தத்தில் யாராவது வந்து சொல்வார்கள். சரியாகாது. ஒன்றும் தெரிவிக்காமல் ஒரு ஏழைப் பெண்ணைக் கொண்டுவந்து இலவச ஆயாவாக வைப்பதற்குத்தான் பல இடங்களில் அந்தப் பேச்சு. அவனுக்கே ஒரு துணை வேண்டும் என்று தோன்றி, அந்தப் பெண்ணும் எல்லாம் தெரிந்து விரும்பினால் அது வேறு கதை, அதற்கு ஆதரவும் தர வேண்டும்.

‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மகள் இருக்கிறாள் என்று மனதில் முடிவு செய்திருப்பீர்கள். அவளிடம் கேட்டீர்களா? கேளுங்கள், முழு விவரத்தோடு கேளுங்கள். ‘தம்பியைப் பார்த்துக்கொள்வாயா?’ என்றால் எந்த அக்காவும் தலையாட்டுவாள். ‘பணக் கணக்கைப் பார்க்கிறாயா, மருத்துவத்தைப் பார்க்கிறாயா, உன்னோடு தங்க வைக்க முடியுமா, அவன் தனி இல்லத்தில் இருந்தால் மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பாயா?’ என்று பிரித்துக் கேட்டால் உண்மையான பதில் வரும். முடியாது என்று அவள் சொல்லும் பகுதிக்கு இன்னொருவரைத் தேட உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. உயிலில் ‘என் தம்பி இவனைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று எழுதினால் அவர் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். வயது வந்தவருக்கு அவர் மறுபடி கமிட்டிக்குத்தான் போக வேண்டும். வீட்டை நேரே மகன் பெயருக்கு எழுதுவதற்கு முன், அறக்கட்டளைப் பத்திரம் எழுதி இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளர்களாக வைக்கலாமா என்று ஒரு வக்கீலிடம் பேசுங்கள்.

அவன் மெல்ல மெல்ல உங்களை விட்டுத் தள்ளி இருக்கவும் பழக வேண்டும். வருடத்தில் ஒரு வாரம் அத்தை வீட்டிலோ குறுகிய காலம் தங்க வைக்கும் மையத்திலோ இருக்கட்டும். 45 வயதில், அம்மா இறந்த மறுநாள் முதல் முறையாக வேறு கூரையின் கீழ் தூங்கப் போகும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலை உங்கள் மகனுக்கு வர வேண்டாம்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இதுதான். பள்ளிக்குப் போய், சேர்ந்த நாளிலிருந்து உள்ள மதிப்பீட்டு அறிக்கைகள், தெரபி குறிப்புகள், ஐ.க்யூ. பரிசோதனைத் தாள், வருகைச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். பிள்ளை வெளியேறிய பிறகு அந்தப் பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தர ஆள் இருக்காது. அதே நடையில் டீச்சரிடம் ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர், நீங்கள் இருவர், மகள், முடிந்தால் விழுதுகள் மையத்திலிருந்தோ தொண்டு நிறுவனத்திலிருந்தோ ஒரு சமூகப் பணியாளர், முக்கியமாக உங்கள் மகன், எல்லோரும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பேசியதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒருவர் பெயரையும் தேதியையும் போட்டு, அடுத்து கூடும் நாளை மூன்று மாதம் தள்ளிக் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.